கிளட்ச் மேல் இருந்த கால்

எங்கள் வீட்டுக் கார் முதன்முதலில் கத்தியது ஒரு புதன்கிழமை காலை, காவிரிப் பாலத்தின் நடுவில். முன்னால் வைக்கோல் வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கியர் மாற்றக் கிளட்சை மிதித்தேன். காலுக்கடியிலிருந்து ஒரு கீச்சல் கிளம்பியது. காலை எடுத்தேன், நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி வந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நடந்துபோன பூக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குப் பயம் வரவில்லை. மகிழ்ச்சியாகக்கூட இருந்தது என்று சொல்லலாம். கோர்ட் வாசலில் காரை நிறுத்தும் முன்பே, கெட்டுப்போன சாமான் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காருக்கான புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை இரண்டு தடவை படித்தவன் நான். கிளட்ச் ரிலீஸ் பேரிங். பெடலை மிதித்தால் மட்டும் சத்தம், விட்டால் மௌனம் என்றால் அது வேறொன்றாக இருக்க முடியாது. அந்த விஷயத்தில் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இத்தனை வருஷம் கழித்தும் அதை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்த தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீடு. அப்பா வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஓய்வில் இருந்தார். நான் சென்னையில் சட்டம் படித்து முடித்து, திருச்சி கோர்ட்டில் அவருடைய நாற்காலியில் உட்கார ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கார் சீமையில் செய்த கறுப்புக் கார். பொன்மலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அப்பா வாங்கியது. அந்தக் காரோடு ஒரு டிரைவரும் வந்தார் என்றே சொல்ல வேண்டும். கார் வந்த மாதமே அவரும் வந்தார். பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தார்.

அவருக்குச் சொந்த ஊர் திருவெறும்பூர். மனைவியும் மூன்று பெண்களும் அங்கே. அவர் எங்கள் கார் ஷெட்டை ஒட்டிய அறையில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போய்வருவார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அப்பாவைச் 'சாமி' என்பார், என்னைச் 'சின்ன சாமி'. நான் அவரை நீ என்றுதான் பேசினேன். அந்தக் காலத்தில் அது யார் காதிலும் உறுத்தவில்லை, என் காதிலும்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. செருப்போடு காரில் ஏற மாட்டார். கதவைத் திறக்கும் முன் டயர் செருப்பைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி, டிக்கியில் வைத்துவிடுவார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைக்கிற வண்டியைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அம்மா அதற்காகவே அவரை மெச்சுவாள்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்தபின் ஓர் ஏற்பாடு ஏற்பட்டது. காலையில் கோர்ட்டுக்கு நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்காருவார். வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பகலெல்லாம் அப்பா அம்மாவுக்கு ஓட்டுவார். சாயங்காலம் கோர்ட்டுக்கு வருவார், திரும்பும்போது மறுபடி நான். ஆக ஒரே பெடலில் இரண்டு பேர் கால்.

நான் பூட்ஸ் போட்டுத்தான் ஓட்டினேன். கோர்ட்டுக்குப் போகிற பூட்ஸ். சீக்கிரம் தேயாமலிருக்க முனையிலும் குதிகாலிலும் பிறை வடிவத்தில் சின்ன இரும்பு லாடம் அடித்தது. அப்போது எல்லா வக்கீலும் அப்படித்தான். கோர்ட் வராந்தாவில் நடக்கிற சத்தத்தை வைத்தே, வருகிறவர் யார் என்று குமாஸ்தாக்கள் சொல்லிவிடுவார்கள்.

பழைய காவிரிப் பாலம் குறுகலானது. மாட்டு வண்டி, ஜட்கா, பஸ், சைக்கிள், தலைச்சுமை எல்லாம் அதிலேதான். எப்போது யார் நிற்பார்கள் என்று தெரியாது. அதனால் இந்தக் கரையில் ஏறும்போதே இடது காலைக் கிளட்ச் மேல் வைத்துவிட்டு, அந்தக் கரையில் இறங்கும்வரை எடுக்க மாட்டேன். பிறகு பாலம் என்றில்லை, எல்லாத் தெருவிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. மிதிப்பதில்லை. சும்மா வைத்திருப்பேன், தூங்குகிற குழந்தை மேல் கை வைத்ததுபோல.

டிரைவர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

"சின்ன சாமி, அந்தக் காலக் கொஞ்சம் கீழ வச்சுக்கலாங்க. பெடலு பாவம்."

"முன்னாடி போற மாடு சட்டுனு நின்னுட்டா? அப்ப கால எங்கேன்னு தேடிண்டிருக்கச் சொல்றியா?"

"மாடு நிக்கிறதுக்கு முன்னாடி அதோட வாலு சொல்லிடுங்க, சாமி. வாலப் பாத்தாப் போதும்."

"வால் சொல்றதெல்லாம் உனக்குக் கேக்கும். எனக்கு என் கால்தான் நம்பிக்கை" என்றேன். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். கால் அங்கேயே இருந்தது.

இதில் இயந்திர சாத்திரம் பெரிதாக ஒன்றுமில்லை. பெடலை மிதிக்கும்போது அந்தப் பேரிங் முன்னால் போய், சுற்றிக்கொண்டிருக்கும் தட்டில் ஒட்டும். காலை எடுத்தால் விலகிவிடும். எங்கள் காரில் அது உருளைகள் வைத்தது அல்ல, கிராஃபைட் வளையம். பென்சில் முனைபோல உரச உரசத் தேய்ந்துகொண்டே வரும். மிதிக்கும்போது மட்டும் உரசினால் பல வருஷம் வரும். எப்போதும் ஒரு கால் பெடல் மேல் கிடந்தால் எப்போதும் உரசும். வளையம் தீர்ந்து இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும்போதுதான் அந்தக் கீச்சல். இவ்வளவும் புத்தகத்திலேயே இருந்தது. 'காலை ஓய்வாகப் பெடல் மேல் வைக்காதீர்' என்று தடித்த எழுத்தில்கூட. தடித்த எழுத்து மற்றவர்களுக்கு என்று நினைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் காரை ஷெட்டுக்குள் பின்பக்கமாக விடும்போது அப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னடா இது, கொக்கு கழுத்த நெறிச்சாப்ல கத்தறது?"

"கிளட்ச் ரிலீஸ் பேரிங், அப்பா. தேஞ்சு போயிடுத்து. கியர் பாக்ஸை எறக்கித்தான் மாத்தணும்."

"அது ஏன் தேயணும்? போன தடவை மாத்தி மூணு வருஷம்கூட ஆகலையே."

"எப்பப் பார்த்தாலும் பெடல் மேலயே கால வச்சிண்டிருந்தா தேஞ்சுடும்."

"யாரு வச்சிண்டிருக்கா?"

டிரைவர் ஷெட்டுக்குள் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்துச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "பொதுவா டிரைவர்களுக்கு அது ஒரு வழக்கம்ப்பா."

அந்த வாக்கியத்தைப் பாருங்கள். அதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூட யாரும் எடுத்துக்காட்ட முடியாது. டிரைவர்களில் பலருக்கு அந்த வழக்கம் உண்டுதான். அவர் பெயரை நான் சொல்லவில்லை. தொழில் எனக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. அப்போது எனக்கு உண்மை தெரியுமா என்று கேட்டால், பாதி தெரியும் என்பேன். மீதிப் பாதி மூன்று நாளில் தெரிந்தது.

அந்த மூன்று நாளுக்குள் இன்னொன்றும் நடந்தது. திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாகப் பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே டிரைவர்கள் எடுக்கிறார்கள், இதுவரை வேலை பார்த்த இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்று டிரைவர் அப்பாவிடம் கேட்டார். கிடைத்தால் வீட்டிலிருந்தே சைக்கிளில் வேலைக்குப் போய்விடலாம். பன்னிரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒருநாள் மட்டும் பார்த்த பெண்களைத் தினமும் பார்க்கலாம். பெரியவளுக்கு அப்போது பதினாலு வயது. "வயசு இந்த வருஷத்தோட தாண்டிடும் சாமி, அடுத்த வருஷம்னா எடுக்க மாட்டாங்க" என்றார். அப்பா, "எழுதித் தரேன், போ. உன்ன விட்டா எனக்குத்தான் கஷ்டம்" என்றார்.

கார் பாலக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு பாய். எங்கள் காரின் உள்ளெல்லாம் அறிந்தவர். சனிக்கிழமை பிற்பகல் நான் தனியாக வண்டியை எடுக்கப் போனேன். அவரிடமும் ஒரு முறை உண்டு. மாற்றிய பழைய சாமானைத் தூக்கிப் போட மாட்டார். காகிதத்தில் சுற்றிச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லிவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாதாம்.

"இந்தாங்க வக்கீல் சார், உங்க பேரிங்கு. பாருங்க, ஒண்ணுமே மிச்சம் இல்ல. ரெண்டு நாள் விட்டிருந்தா தட்டையும் தின்னிருக்கும்."

அதோடு அவர் இன்னொரு சின்னத் துண்டையும் நீட்டினார். கிளட்ச் பெடலின் பழைய ரப்பர்.

"இதுவும் போயிடுச்சு, புதுசு போட்டுட்டேன். ஆனா இதப் பாத்தா ஒரு வேடிக்கை." வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ரப்பரின் இடது ஓரம் வழித்தெடுத்ததுபோல் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தில் பிறை பிறையாக வெட்டு விழுந்திருந்தது. "உங்க டிரைவரு வெறுங்காலுல்ல? அல்லா மேல ஆணையாச் சொல்றேன், வெறுங்காலு ரப்பரக் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆக்குமே தவிர வெட்டாது. இது லாடம் அடிச்ச பூட்ஸு."

பேச்சைச் சட்டென்று நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்து, "டீ சொல்லட்டுங்களா சார்?" என்றார்.

நான் டீ குடித்தேன். நிதானமாகவே குடித்தேன் என்று ஞாபகம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெடல் பட்டுப்போல இருந்தது. பாலத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தி, இறங்கி, அந்த ரப்பரைக் காவிரியில் போட்டேன். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரர் ஒரு காகிதத்தைத் தொலைத்துவிட்டாலே துள்ளிக் குதிக்கிறவன் நான். அன்று என் கை தடுமாறவே இல்லை.

வீட்டில் அப்பா பழைய சாமானைக் காட்டச் சொன்னார். பேரிங்கை மட்டும் காட்டினேன். அவர் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "இவ்ளோ அலட்சியமா?" என்றார். டிரைவர் வந்து வண்டியைத் துடைத்தார். கதவைத் திறந்ததும் கீழே பெடலைப் பார்த்தார். புது ரப்பர். பிறகு என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை அப்பா அந்தக் கடிதத்தைச் சொல்ல, நான் டைப் அடித்தேன். ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டு வருஷம் எங்களிடம் இருந்தார், நேர்மையானவர், நேரம் தவறாதவர், குடிக்காதவர் என்று அவர் சொன்னார். அதற்கடுத்து அவர் சொல்லாத ஒரு சொல்லை நானே சேர்த்தேன்: கவனமாக ஓட்டுபவர். என் மனசாட்சிக்கு நான் செய்த வைத்தியம் அது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார்.

"நான் இத சொல்லலையே."

"ஒரு வார்த்தைதானே, அப்பா. வேலைக்கு அதுதான் முக்கியம்."

"முக்கியம்னுதான் எடுக்கச் சொல்றேன். என் கையெழுத்துக்குக் கீழ பொய் போகாது. பெருமாள் கோவில் வாசல்ல உக்காந்துண்டு பொய் எழுதவா? திரும்ப அடி."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அறையில் நானும் அவரும் மட்டும்தான். அவர் கோபப்படுவார். காரை என்னிடமிருந்து பிடுங்குவார். ஒரு வாரம் பேச மாட்டார். அவ்வளவுதான் எனக்கு நஷ்டம். புதுக் காகிதம் ஒன்றைச் சொருகித் திரும்ப அடித்தேன். அந்தச் சொல் இல்லாமல் கடிதம் அழகாகவே இருந்தது. டிரைவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சட்டைப் பையில் வைத்தார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். தொழிற்சாலையில் கடிதத்தைப் பார்த்த எழுத்தர் கேட்டாராம்: "எல்லாம் நல்லா எழுதியிருக்காங்க. பன்னெண்டு வருஷம் ஓட்டியிருக்கீங்க, வண்டிய ஜாக்கிரதையா ஓட்டுவாருன்னு ஒரு வரி இல்லையே, ஏன்?" வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அந்த வரி இருந்திருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவருக்கு வண்டி ஓட்டும் சோதனை வைக்கவே இல்லை என்பது மட்டும் தெரியும். வைத்திருந்தால் அங்கே அவரைத் தாண்ட ஆள் இருந்திருக்காது.

அடுத்த மாதம் எங்களை விட்டுப் போனார். "போயிட்டு வரேன் சாமி" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டார். உப்பிலியபுரத்தில் ஒரு அரிசி மில்லில் லாரி ஓட்டப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். திருவெறும்பூருக்கு ஸ்ரீரங்கத்தைவிட அது இன்னும் தூரம்.

அதற்குப் பிறகு வேறு டிரைவர் வைக்கவில்லை. எல்லாம் நானே ஓட்டினேன். நன்றாகவே ஓட்டினேன், யாரையும் இடிக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழிந்தது. ஒரு நாள் காலை காரை ஷெட்டிலிருந்து எடுக்கும்போது அந்தக் கீச்சல் மறுபடி வந்தது.

அப்பா கூடத்தில் ஈஸிசேரில் இருந்தார். எழுந்து வரவில்லை. நான் உள்ளே போனதும் கேட்டார்.

"அதே சத்தம்தானே?"

"ஆமாம்ப்பா."

"இப்ப யாரு ஓட்றா?"

"நான்தான்."

கோர்ட்டில் நான் எத்தனையோ குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். இத்தனை சுருக்கமான ஒன்றைப் பார்த்ததில்லை. அவர் கத்தவில்லை. மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே தமிழில் ஒரு கடிதம் எழுதினார். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மடித்து என்னிடம் கொடுத்தார். "வண்டிய சரி பண்ணிண்டு நீயே போ. நீயே படிச்சுக் காட்டு. தபால்ல போட்டுடாத."

திருவெறும்பூரில் அவர் வீடு ஓடு வேய்ந்த சின்ன வீடு. ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனேன், அவர் வந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். "உக்காருங்க சாமி. பெரிய சாமி நல்லாருக்காங்களா?" பெரிய பெண்ணுக்கு அந்தத் தையில் கல்யாணம் ஆகிவிட்டது என்றார். நான் நின்றுகொண்டே கடிதத்தைப் படித்தேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் கவனக்குறைவாக ஓட்டியதில்லை. கிளட்ச் தேய்ந்தது என் மகன் காலால். அதை அறியாமல் நான் எழுதாமல் விட்ட சொல்லுக்கு வருந்துகிறேன். கீழே அப்பாவின் கையெழுத்து.

"காலால்ங்கிற வரிய இன்னொருவாட்டி படிங்க" என்றார். படித்தேன். உள்ளே நின்றிருந்த அவர் மனைவி, "இப்ப எழுதி என்ன, வயசுதான் தாண்டிப் போச்சே" என்றார். "நீ சும்மா இரு" என்று அவர் அதட்டினார். ஆனால் குரலில் வேகம் இல்லை.

என் வாழ்நாளில் முதல்முறையாக அவரை நீங்க என்றேன். "நீங்க அப்பவே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனுங்க."

"எப்போ?"

"நீங்க கோர்ட்டுக்குப் போயிருந்தப்ப. அது என் காலு இல்லீங்க சாமின்னு சொன்னேன். 'என் புள்ள வக்கீல்டா, பொய் பேச மாட்டான்'னாங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

நான் கிளம்பினேன். மெயின் ரோடு வரை வருகிறேன் என்று அவரும் வந்தார். காரைப் பார்த்ததும் கண் விரிந்தது. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். ஏறும்போதே குனிந்து பெடலைப் பார்த்தார். ஒன்றரை வருஷத்து ரப்பர். இடது ஓரத்தில் பிறை பிறையாக வெட்டு.

"பழைய ரப்பரும் இப்படித்தாங்க இருந்துச்சு" என்றார். "தெனமும் தொடைக்கிறவன், தெரியாதுங்களா? அதக் கையில எடுத்துக் காட்டினா சாமி ஒத்துக்குவாங்கன்னு இருந்தேன். வண்டி வந்தப்ப பாத்தா புதுசு. அது என்னாச்சுங்க?"

ஊருக்குள்ளிருந்து மெயின் ரோடு வரை கால் மைல் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அப்பாவும் இல்லை, பிடுங்க ஒன்றும் இல்லை.

"மெக்கானிக் எங்கேயோ போட்டுட்டார்போல" என்றேன்.

முதல் பொய்யையாவது வாய்தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அப்பா கடைசி வரை நம்பினார். டிரைவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. பாய் யாரிடமும் சொல்லவில்லை. ரப்பர் காவிரியில் கிடக்கிறது. அதைப் போட்ட கை என்னுடையது, தெரிந்தே போட்டேன். இதை நான் நேரில் சொல்லியிருக்க வேண்டிய அந்த மூன்று பேரும் இன்று இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வாய்க்கால் பாலத்தருகே எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்" என்றார்.

எடுத்துக் கீழே வைத்தேன்.